ஆடாமல் நின்ற இன்ஜின்

காந்தனைத் திருடன் என்று பேசியவர்களில் பாதிப் பேருடைய கார்கள் காந்தன் கைபட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தன. பேசுவதற்கும் ஓடுவதற்கும் சம்பந்தமில்லை என்பதால் இரண்டும் நன்றாகவே நடந்தன.

மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில், செம்பனைத் தோட்டத்துக்குச் சடக்குச் சாலை பிரிகிற முனையில் இருந்தது அவருடைய பட்டறை. இரண்டு வாரத்துக்கு முன்புவரை அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. இன்று ஒரு காரும் ஒரு நாயும் இருந்தன. நாயும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையுடையது.

"கூட்டம் கம்மியா இருக்கேண்ணே" என்றான் நிவேந்திரன்.

"உனக்கு முன்னாடி வந்தவனும் இதையேதான் சொன்னான் தம்பி. அப்பவும் நான் சிரிக்கல" என்றார் காந்தன்.

தன் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காதது நிவேந்திரனுக்குப் பழக்கம். வார நாட்களில் அவன் பவானேஸ்வரியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். வார இறுதிகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கும் அறிவிப்பாளன். இரண்டுமே அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிற வேலைதான், மண்டபத்தில் சாப்பாடு போடுவார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்பது அவன் கட்சி.

கூட வந்திருந்த பவானேஸ்வரி அதிகம் பேசமாட்டார். மலாக்காவில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் பல வருஷம் பயிற்சியாளராக இருந்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் அடுத்து என்ன தப்புச் செய்யப்போகிறார் என்று கவனிப்பதே அங்கே அவர் வேலை. அங்கிருந்து துப்பறிய வந்ததைப் பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். புக்கிட் காத்திலில், டத்தோ பட்டம் பெற்ற பாலகிருஷ்ணன் என்றொருவர். வீடுகள் கட்டி விற்பவர். அவரிடம் ஒரு பழைய டொயோட்டா டி.எக்ஸ். இருந்தது. அதன் இன்ஜினுக்குள் ரேஸ் கேம்ஷாஃப்ட் ஒன்றைப் போட்டு, சுருதி சேர்த்துக் கொடுத்தவர் காந்தன். போன வாரம் ஒரு காலையில், டத்தோ ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தபோது, மழைக்கோட்டும் முகக்கவசமும் போட்ட ஒரு ஆள் சாவி போட்டுத் திறந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மாற்றுச் சாவி காந்தனிடம் இருந்தது. டத்தோவுக்கு அது போதும். தலையை வாரி, விளக்கைச் சரிபார்த்து, கண்ணீரோடு ஒரு வீடியோ எடுத்து விட்டார். "என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவன் செலண்டார்ல பட்டறை வெச்சிருக்கான்" என்று அவர் விம்மியதை மலாக்காவில் பார்க்காதவர் இல்லை.

பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, காந்தனை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தாயிற்று. நாளைக் காலையில் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வரும்படி ஒரு போலீஸ்காரர் அன்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"சாவி எங்கேண்ணே?" என்றார் பவானேஸ்வரி.

"தோ, ஆணியில தொங்குது பாரு. பாலாய்ல காட்டினேன். 'அப்போ நீதான்'னாங்க. காணாமப் போயிருந்தாலும் 'அப்போ நீதான்'னுதான் சொல்லியிருப்பாங்க."

"டத்தோவுக்கும் உங்களுக்கும் சண்டையா?"

"சண்டை இல்ல. எனக்குக் காடி தெரியும்கிறது அவருக்குப் பிடிக்காது. அவருக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும்கிறது அதைவிடப் பிடிக்காது."

பவானேஸ்வரி பட்டறையில் நின்ற அந்த ஒரே காடியை, அதாவது காரை, ஒரு முறை சுற்றி வந்தார். அதுவும் டி.எக்ஸ்.தான். ஜொகூர்க்காரர் ஒருவருடையது. அவர் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

"இதுலயும் அதே கேமா?"

"அதே கேம். டத்தோவுக்குப் போட்ட அதே மாடல். இன்னிக்கு டியூன் பண்ணி அனுப்பணும்."

"நாங்க இருக்கறப்பவே பண்ணுங்கண்ணே. எனக்கு அது எப்படி நிக்கும்னு தெரியணும்."

காந்தனுக்கு முகம் தெளிந்தது. ஒரு வாரமாக எல்லாரும் அவரிடம் சாவியைப் பற்றியே கேட்டார்கள். இன்ஜினைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்து உசுப்பினார். இருமலும் தும்மலுமாக இன்ஜின் பிடித்துக்கொண்டது. கார் முழுக்கக் குலுங்கியது. தடக், தடதடக், தடக் என்று, மூட்டுவலிக்காரர் அவசரமாகப் படியேறுவதைப் போல ஒரு சத்தம். இன்ஜின் அறை விளிம்பில் வைத்த ஸ்பேனர் தானே நடந்து போய்க் கீழே விழுந்தது. பெட்ரோல் வாடை கண்ணைக் கரித்தது.

"ரிப்பேராண்ணே?" என்றான் நிவேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இதுக்குத்தான் ஆளுங்க காசு கொடுக்கிறாங்க. கேம்ங்கிறது ஒரு தண்டு. வால்வைத் தொறந்து மூடறது அதோட வேலை. சாதாரண கேம்ல ஒரு வால்வு மூடற நேரத்துலதான் இன்னொன்னு தொறக்கும். இதுல ரெண்டும் சேர்ந்தாப்ல ரொம்ப நேரம் தொறந்தே கிடக்கும். வேகமாப் போறப்ப நல்லது, இன்ஜினுக்கு மூச்சு நிறைய கிடைக்கும். சும்மா நிக்கறப்ப, ஐட்லிங்ல, அதுவே வினை. வெளிய போக வேண்டிய புகை உள்ள வரும். உள்ள எரிய வேண்டிய எண்ணெய், அதான் பெட்ரோல், எரியாம வெளிய போகும்."

"முன்வாசல் பின்வாசல் ரெண்டையும் தொறந்து போட்ட கல்யாண மண்டபம்" என்றான் நிவேந்திரன். "சொந்தக்காரன் வெளிய, சாப்பிட வந்தவன் உள்ள."

காந்தன் முதல்முறையாக அவனை மதிப்போடு பார்த்தார். கார்புரேட்டர் பக்கமாகக் குனிந்து, மெலிந்த ஒரு திருப்புளியால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றுகிற மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் தொடங்கினார். புகைக்குழாயில் செருகியிருந்த மீட்டரைத் தாடையால் காட்டினார்.

"அதை நம்பாதே. குழாய்ல காத்து மிச்சம் இருக்கான்னு பார்த்து 'எண்ணெய் பத்தல'ன்னு கத்தும். எரியாத காத்து சும்மா நடந்து வெளிய வர்றது அதுக்குத் தெரியாது. சின்னப் பசங்க அதைப் பார்த்து எண்ணெயைக் கூட்டிக்கிட்டே போவானுங்க. கடைசியில ப்ளக்கெல்லாம் அடுப்புக்கரி. நான் பார்க்கறது இந்த வேக்குவம் மீட்டர் முள்ளு. எங்க உசரமா, ஆட்டம் கம்மியா நிக்குதோ, அங்கேருந்து ஒரு பொட்டு எண்ணெய் கூட. அப்புறம் ஐட்லிங்கை ஆயிரத்து நூறுக்குத் தூக்கி விடணும். அவ்வளவுதான்."

முள் நடுங்கியது, நிமிர்ந்தது, கொஞ்சம் அடங்கியது. சத்தம் இப்போது ஒரு தாளத்துக்கு வந்தது. குலுக்கல் மட்டும் நிற்கவில்லை.

"இதைச் சாதாரண காடி மாதிரி கீழ இறக்கினா?"

காந்தன் இன்னொரு ஸ்க்ரூவைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு முறை விக்கி அணைந்துபோனது.

"சூடா இருக்கறப்பவே இப்படின்னா, காலையில ஜில்லுனு இருக்கறப்ப?"

"பெடல்லேருந்து காலை எடுக்கவே கூடாது. சூடாகற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருக்கணும். எடுத்தா செத்துடும்."

"எவ்வளவு நல்லா டியூன் பண்ணியிருந்தாலுமா?"

"நான் பண்ண முடியாததை எவன் பண்ணுவான்?" என்றார் காந்தன். அவர் கேட்டது கேள்வி இல்லை.

பவானேஸ்வரி மறுபடி ஓட்டச் சொல்லி, அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டார்.

* * *

புக்கிட் காத்திலில் டத்தோ வீட்டுக்கு நேர் எதிர்வீடு யூனுஸுடையது. மலாக்கா டவுனில் மசாலாக் கடை வைத்திருந்து, அதை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். மகள் ஹானா வாசல்மணியில் கேமரா வைத்துக் கொடுத்ததிலிருந்து அவருக்கு ஓய்வு போய்விட்டது. அந்தக் கேமராவில்தான் திருட்டு விழுந்திருந்தது.

"பசியாறிட்டீங்களாம்மா? உக்காருங்க. இந்த வீடியோவைப் பார்க்காத ஆளே இந்தக் குடியிருப்புல, நம்ம தாமான்ல, இல்ல" என்றார் பெருமையாக.

"நாங்களும் பார்த்தோம் அங்கிள். சோகப் பாட்டோட" என்றான் நிவேந்திரன்.

"அது டத்தோ சேர்த்தது. பாட்டு இல்லாம பார்த்தா மனசைத் தொடலையாம்."

"பாட்டு சேர்க்காத அசல் இருக்கா?" என்றார் பவானேஸ்வரி.

"இருக்கு. பாலாய்க்காரங்க வந்து அதைத்தான் பார்த்தாங்க. அவங்களுக்கு மூஞ்சி வேணும். மூஞ்சி தெரியலன்னதும் தண்ணிகூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க."

யூனுஸ் தன் டேப்லெட்டைத் திறந்தார். தூறல். எதிர்வீட்டுப் போர்ட்டிக்கோ. மழைக்கோட்டு ஆள் காருக்குள் ஏறுகிறான். கார் உயிர்பெறுகிறது. ஆள் இறங்கி வந்து கேட்டைத் தள்ளித் திறக்கிறான். திரும்பிப் போய்க் காரை வெளியே கொண்டுவருகிறான். மறுபடி இறங்குகிறான். கேட்டை இடுப்பால் ஒரு தட்டுத் தட்டி, இழுத்துச் சாத்துகிறான். ஏறுகிறான். வலப்பக்கம் சிக்னல் போட்டுவிட்டுப் போகிறான்.

"இவ்வளவு பண்பான திருடனை நான் பார்த்ததில்ல" என்றான் நிவேந்திரன். "என் மச்சான் வந்துட்டுப் போனா கேட்டு ஆன்னு தொறந்து கிடக்கும். சிக்னல் வேற போடறான் பாருங்க. இவன் மலாக்காக்காரனே இல்லக்கா."

"கண்ணை மூடு."

"எதுக்கு?"

"மூடு. அங்கிள், மறுபடி போடுங்க. சத்தத்தை நல்லாக் கூட்டுங்க."

நிவேந்திரன் கண்ணை மூடினான். தூறல் தகரத்தில் விழுந்தது. தூரத்தில் ரொட்டிக்காரரின் ஹாரன். ஒரு கதவு. ஸ்டார்ட்டரின் ஒரு சின்னக் கிறீச்சிடல். பிறகு ம்ம்ம் என்று ஒரே சீரான ஓசை. கேட் உரசியது. ம்ம்ம். கேட் மறுபடி உரசியது. ம்ம்ம்.

"என்ன கேட்டுது?"

"ரொட்டி. கேட்டு. அப்புறம் இன்ஜின்."

"இன்ஜின் எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டுட்டுத் தூங்கற ஆளு மாதிரி நிம்மதியா…" அவன் கண்ணைத் திறந்தான். "அக்கா."

"கேட்டைத் தொறக்கறப்ப திருடன் கால் எங்க இருந்துச்சு?"

"கேட்டுக்கிட்ட."

"அப்போ பெடலை யாரு மிதிச்சது?"

யூனுஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தன் கேமராவில் ஏதோ பெரிய சமாசாரம் மாட்டியிருக்கிறது என்று மட்டும் புரிந்தது. டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நிவேந்திரன் எழுந்து நடந்தான். "அப்போ இந்த வீட்டை விட்டுப் போன காடியில ரேஸ் கேமே இல்ல. திருட்டுக்கு முன்னாடியே யாரோ கழட்டிட்டாங்க. சாதாரண கேம் போட்டு, ஐட்லிங்கை இறக்கி அழகா டியூன் பண்ணியிருக்காங்க."

"மேல சொல்லு."

"சொந்தக்காரனுக்குத் தெரியாம அதைப் பண்ண முடியாது. அப்போ டத்தோவேதான்."

"அட, இருக்கலாம்மா" என்றார் யூனுஸ், குரலைத் தாழ்த்தி. "வர்ற ஞாயித்துக்கிழமை டவுன்ல பழைய காடி கண்காட்சி. எல்லார் முன்னாடியும் இன்ஜின் மூடியைத் தொறந்து என் கேமைக் காட்டப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. தொறந்தா உள்ள ஒண்ணுமில்லன்னா மானம் போயிடுமே. காடியே காணோம்னா?"

நிவேந்திரன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். "அங்கிள், நீங்க எங்க ஆபீஸுக்கே வந்துடுங்க. எனக்கு ஒரு நாளாவது லீவு கிடைக்கும்."

பவானேஸ்வரி அந்த ஒலியைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். "நல்ல கதைதான். போய் டத்தோகிட்டயே கேட்டுடுவோம்" என்றார்.

* * *

கேட்டைத் திறந்தது டத்தோவின் மனைவி, அதனால் டத்தின், கோமளா. ஐம்பதை ஒட்டிய வயது. கையில் கரண்டியோடு வந்திருந்தார். அவர்கள் நுழைந்ததும், இடுப்பால் கேட்டை ஒரு தட்டுத் தட்டிச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

போர்ட்டிக்கோவில் டத்தோ பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். கார் நின்ற இடத்தில் அதன் உறையைச் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே ஒரு செவந்திமாலை போட்டிருந்தார். ஊதுவத்தி ஒன்றுதான் குறை.

"காந்தன் அனுப்பிச்சானா?" என்றார்.

"அவருதான் எங்களுக்குக் கட்சிக்காரர். ஆனா உண்மை யாரோடதா இருந்தாலும் எடுத்துக்குவோம் டத்தோ."

"உண்மை வீடியோவுலயே இருக்கு. அவன் நடை எனக்குத் தெரியாதா? எனக்கு எல்லாம் தெரியும்மா. ரோட்டு முனையில ஒரு காடி திரும்பறப்பவே என்ன கேம், என்ன கார்புரேட்டர்னு சொல்லிடுவேன். இது சாமி கொடுத்த காது."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார் பவானேஸ்வரி பணிவாக. "எங்ககிட்ட ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு உங்க காடின்னு சந்தேகம். எதுன்னு எங்களுக்குத் தெரியல. உங்களை விட்டா யாரு சொல்லுவா?"

டத்தோ நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். கோமளா எல்லாருக்கும் தே தாரிக் டீயைக் கொடுத்துவிட்டுத் தட்டோடு நின்றார்.

முதலில் செலண்டார் பட்டறையில் எடுத்த சத்தம். தடக், தடதடக், தடக்.

டத்தோ முகம் சுளித்தார். "நிறுத்தும்மா. இது டியூன் பண்ணத் தெரியாத எவனோ ஒருத்தன் காடி. வால்வு போச்சு. இதை ரோட்டுல விடறதே தப்பு."

இரண்டாவது, யூனுஸ் வீட்டு வாசல்மணி. ம்ம்ம்.

டத்தோ கண்ணை மூடினார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. மூடிய இமைக்குக் கீழே நிஜமாகவே கண்ணீர் இறங்கியது.

"இதுதான். இதுதான் என் பிள்ளை. கேட்டீங்களா அந்த ரேஸ் கேமோட சுருதியை? இந்தச் சத்தத்துக்கு மலாக்கா மாநிலத்துல வேற காடி கிடையாது."

நிவேந்திரன் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான். எவ்வளவு அழகான கதை. யூனுஸ் அங்கிளோடு சேர்ந்து எவ்வளவு பாடுபட்டுக் கட்டியது. இந்த மனிதர் கேமைக் கழற்றியவராக இருந்தால் முதல் சத்தத்தைத்தான் தன்னுடையது என்று சொல்லியிருப்பார். பாவம், இவருக்குத் தெரியவே தெரியாது. சாமி கொடுத்த காது தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ வேலையை முடித்துவிட்டார்கள்.

அப்போது டத்தோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். கோமளா சிரித்துவிட்டார். உடனே அதை இருமலாக மாற்றி, தட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

"தண்ணி கொஞ்சம் வாங்கிட்டு வர்றேன்" என்று பவானேஸ்வரியும் எழுந்தார். நிவேந்திரன் ஒரு நிமிஷம் டத்தோவோடு சேர்ந்து மாலையைப் பார்த்தான். பிறகு அவனும் நழுவினான்.

சமையலறையில் கோமளா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"டத்தின், உங்க கேட்டு தானா மூடாதோ?" என்றார் பவானேஸ்வரி.

"சக்கரம் தடம் மாறிப்போச்சு. இடுப்பால ஒரு தட்டுத் தட்டினாத்தான் நகரும். ரெண்டு வருஷமா ஆள் கூப்பிடச் சொல்றேன்."

"டத்தோவும் அப்படித்தான் மூடுவாரா?"

"அவரு கேட்டை மூடி நான் பார்த்ததே இல்ல."

"செலண்டார் காந்தனுக்கும் தெரிய வாய்ப்பில்ல. அவரு வந்தா காடியைத் தெருவுலயே வெச்சுப் பார்த்துட்டுப் போயிடுவாராமே. ஆனா திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு. மழையில, அவசரத்துல, யோசிக்காம இடுப்பால தட்டி மூடிட்டுப் போறான்."

கோமளா ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுக்க முயற்சிக்கவில்லை. பல நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரைப் போல, கேட்டதும் கொட்டிவிட்டார்.

"ஷாமினிக்கு, என் மகளுக்கு, மூச்சுத் திணறல் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் ரொம்ப மோசமாயிடுச்சு. அவரு பெரிய காடியை எடுத்துக்கிட்டு கேஎல் போயிட்டாரு. வீட்டுல இருந்தது அந்தச் சனியன்தான். பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு சிக்னல் லைட்டுலயும் செத்துச்சு. பின்னாடி ஹாரன். உள்ள பெட்ரோல் வாடை. அந்த வாடையில அவளுக்கு இன்னும் மூச்சு முட்டுது. நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன்னு எனக்கே தெரியல."

"மகளுக்கு இப்போ?"

"நல்லா இருக்கா. அவருகிட்ட சொன்னேன். 'உனக்கு மிதிக்கத் தெரியல, அது ரேஸ் கேம்'னாரு. அதோட முடிஞ்சுது." கோமளா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவரு கோயில் யாத்திரைன்னு தமிழ்நாட்டுக்குப் போனப்ப, கோலா சுங்கை பாருவுக்குக் கொண்டு போனேன். என்கூடப் படிச்ச ஆரிஃப் அங்க படகு இன்ஜின் பார்க்கிறான். அந்தத் தண்டைக் கழட்டிட்டுச் சாதாரணமா ஒண்ணு போட்டு, எண்ணெயை அளவா வெச்சு, ஆடாம அசையாம நிக்க வெச்சுக் கொடுத்தான். திரும்பி வந்து இவரு ஸ்டார்ட் பண்ணினாரு. எனக்கு உயிரே போச்சு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, 'பார்த்தியா கோமளா, இப்பத்தான் கேம் செட்டாகியிருக்கு'ன்னாரு."

நிவேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"அப்புறம் கண்காட்சியில மூடியைத் தொறக்கறேன்னு அறிவிச்சிட்டாரு" என்றார் பவானேஸ்வரி.

"ஆமா. எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடுவாருன்னு பழைய தண்டையே திரும்பப் போட்டுடலாம்னு எடுத்துட்டுப் போனேன். ஒரே நாள் வேலை, கேட்டா சர்வீஸ்னு சமாளிச்சுக்கலாம்னுதான் நெனச்சேன். முகக்கவசம் எதிர்வீட்டுக் கேமராவுக்காக. ஆரிஃப் எடுத்துப் பார்த்தா, கடல்காத்துல அது துருப் பிடிச்சுக் கிடக்கு. பாலிஷ் போட வெளிய அனுப்பணும்னுட்டான். அங்கேருந்து எங்கண்ணன் காடியில ஏறி வீட்டுக்கு வர்றேன், அதுக்குள்ள இவரு பாலாய்க்கும் போயிட்டு, வீடியோவும் போட்டுட்டாரு. அப்புறம் எப்படி வாயைத் திறக்கிறது?"

"திறந்திருக்கலாம்" என்றார் பவானேஸ்வரி. குரல் உயரவில்லை. "உங்க வீட்டுக்காரர் மானத்தைக் காப்பாத்த நீங்க எடுத்துக்கொடுத்தது காந்தனோட மானம். அவருகிட்ட இருந்தது அது ஒண்ணுதான். நாளைக்குக் காலையில மாத்துத்துணியோட பாலாய்க்குப் போறாரு."

கோமளாவின் பார்வை வாசற்படிக்குப் போய் அங்கேயே நின்றது. டத்தோ நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, ஆனால் போதுமான நேரம்.

கார் எங்கே என்று கேட்பார் என்று நிவேந்திரன் எதிர்பார்த்தான். மகளைப் பற்றிக் கேட்டாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான்.

"நான் யாத்திரை முடிஞ்சு வந்ததிலேருந்தா?" என்றார் டத்தோ. "இத்தனை மாசமா நான் ஓட்டினது சாதாரண கேமா?"

கோமளா தலையாட்டினார். டத்தோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பின்பு, கட்டட ஒப்பந்தங்களில் பலமுறை கைகொடுத்த அந்த மூளை மெல்ல வேலை செய்யத் தொடங்கியது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. திருடன் பயந்துபோய் காடியைத் திருப்பி விட்டுட்டான்னு சொல்லிடலாம். எல்லாருக்கும் நல்லது."

"எந்தத் திருடன் டத்தோ?" என்றார் பவானேஸ்வரி. "ஊருக்கு நீங்க சொல்லியிருக்கற திருடன் ஒருத்தர்தான். அவருக்குப் பேரு இருக்கு."

* * *

அன்று சாயங்காலமே டத்தோவும் கோமளாவும் பாலாய்க்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பொய்ப் புகார் என்றால் என்ன ஆகும் என்பதை நீளமாக விளக்கி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். காந்தன் மாற்றுத்துணியை மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

டத்தோ மன்னிப்பு வீடியோ எடுத்துப் போடுவதாகச் சொன்னார். பின்னணிக்குப் பாட்டுக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். காந்தன் அதை ஏற்கவில்லை.

"வீடியோவெல்லாம் வேணாம் டத்தோ. திட்டறதைப் பார்த்த சனம் மன்னிப்பைப் பார்க்காது. நீங்க ஒரு நாள் என் பட்டறையில வந்து உக்காருங்க. யாரு வந்தாலும் நடந்ததை உங்க வாயால சொல்லுங்க."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை செலண்டாரில் கூட்டம் கூடியது. டத்தோ இலவசமாகக் கிடைக்கிறார் என்ற செய்தி பரவி, கார் இல்லாதவர்களும் கார் ரிப்பேர் என்று வந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் கூடுதல் பெஞ்சுகள் போட்டார். டத்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் கோமளா. அவரை யாரும் கூப்பிடவில்லை. தன் பங்கையும் சொல்லவேண்டும் என்று தானாகவே வந்திருந்தார். வந்ததும் காந்தன் முன்னால் கைகூப்பி நின்றார். காந்தன் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

கோலா சுங்கை பாருவிலிருந்து டி.எக்ஸ். வந்து சேர்ந்திருந்தது. காந்தன் மூடியைத் தூக்கி, அது ஐட்லிங்கில் நிற்பதைக் கொஞ்ச நேரம் கேட்டார். வேக்குவம் மீட்டர் முள்ளைப் பார்த்தார். முள் அசையவில்லை.

"படகுக்காரன் கெட்டிக்காரன்தான்" என்று முணுமுணுத்தார். அந்தச் சொல் அவருக்குச் சுலபமாக வரவில்லை என்பது நிவேந்திரனுக்குத் தெரிந்தது.

காலையில் டத்தோவுக்கு வார்த்தை தடுமாறியது. "காந்தன் எடுக்கல. என் மனைவிதான் எடுத்தா. கேம் மாறினது எனக்குத் தெரியல." மத்தியானத்துக்குள் கொஞ்சம் சரளமானது. ஆட்கள் சிரிக்கிற இடம் எது, நிறுத்தவேண்டிய இடம் எது என்று பிடிபட்டுவிட்டது. மைக் பிடிக்கிற தொழில்காரனான நிவேந்திரன் அந்த முன்னேற்றத்தைத் திகிலோடு கவனித்தான்.

நிழல் சாயத் தொடங்கியபோது தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, "என்னதான் டத்தோ நடந்துச்சு?" என்றார்.

டத்தோ காலை நீட்டிக்கொண்டார்.

"என்ன நடந்துச்சுன்னா தம்பி, எனக்கு முதல்லேருந்தே ஒரு சந்தேகம். காடி சத்தத்துல ஏதோ ஒரு வித்தியாசம். வேற யாருக்கும் கேட்டிருக்காது. இந்தக் காது இருக்கே…"

பவானேஸ்வரி டீயை வாயருகே வைத்தபடி நிறுத்தினார். காந்தன் காருக்கடியிலிருந்து தலையை நீட்டினார்.

கோமளா கணவரின் முழங்கையில் மெதுவாகக் கையை வைத்தார்.

"இல்லீங்க" என்றார். "மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க."

டத்தோ அவரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், காரைப் பார்த்தார். காலை மடக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"காந்தன் எடுக்கல…"